திருத்தாமல் விட்ட வரி

ஜனவரி 12

குட்டிக்கு,

நீ போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரியின் போனுக்கு அனுப்பியிருக்கிறாய். அவள் வாயில் பற்பசை நுரையோடு வாசலில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினாள். இனி அப்படிச் செய்யாதே. எனக்குச் சொல்ல வேண்டியதை எனக்கே எழுது.

நான் ஏன் போனில் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஊருக்கு ஊர் இணைப்புக் கொடுத்தவள் நான். பிறகு மேற்பார்வையாளராகி, ஆபரேட்டர் பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போட்டே ஓய்வு பெற்றேன். போனில் எல்லாரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். கடிதத்தில் அதை எழுதிவிட்டால் மீதிப் பக்கத்தை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். உண்மை வருவது அங்கேதான்.

உன்மேல் எனக்குக் கோபம். மறைக்க விரும்பவில்லை. உன் அண்ணன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. மருந்தகத்து வேலையை ஓய்வு வயதுக்கு முன்பே உதறிவிட்டு, ஐம்பத்தாறு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு மனநல ஆலோசனை வகுப்புக்குப் போகிறாய். எங்களோடு ஒரே கூரையில் வாழ்ந்த காலமெல்லாம் இந்த ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. நீ டாக்டர் ஆகப்போகிறாயா? அதற்கு வேறு படிப்பு அல்லவா? யாராவது எதிரே உட்கார்ந்து அழுதால் நீ என்ன சொல்வாய்? சொல்வதைப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? உன் அறையில் ஜன்னல் உண்டா?

வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். சாவி வைக்கும் இடம் அது அல்ல.

அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஜன்னல் உண்டு. திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். அங்கே ஒருவர் தினமும் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். காலர் விஷயத்தில் அவர் செய்வதைப் பார்த்தால் உங்களுக்குப் பொறுக்காது.

நான் டாக்டர் ஆகவில்லை. மாத்திரை எழுத மாட்டேன். மற்றவர்கள் எழுதிய மாத்திரையை மருந்தக ஜன்னல் வழியாக நீட்டியது போதும். ஒரு நாள் ஓர் அம்மாளிடம் வழக்கம்போல "காலைல ஒண்ணு, நைட் ஒண்ணு" என்றேன். "எதுக்கும்மா இது?" என்று கேட்டார். "தூங்குறதுக்கு" என்றேன். "தூக்கம் வரும், சரி. எதுக்கு வராம போச்சுன்னு கேட்டேன்" என்றார். பின்னால் வரிசை நின்றது. "அடுத்தது" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் அப்புறம் வரவே இல்லை. இந்தப் படிப்பு அன்றைக்கு ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் இருக்கிறது. நாற்காலிகளை நேருக்கு நேர் போடுவதில்லை, கொஞ்சம் கோணலாகப் போடுகிறோம். பார்க்கவும் வேண்டும், பார்க்காமல் இருக்கவும் வழி வேண்டும் என்பார் எங்கள் மேற்பார்வையாளர். எந்நேரமும் பென்சில் சீவிக்கொண்டே பேசும் அம்மாள் அவர்.

நாங்கள் கற்பது குறுகிய காலச் சிகிச்சை. பழைய நினைவுகளைத் தோண்டும் முறையிலிருந்து கொஞ்சம், இன்றைய பழக்கத்தை மாற்றும் முறையிலிருந்து கொஞ்சம், எல்லாம் சேர்த்துக் கட்டியது. வாரம் ஒரு முறை, மொத்தம் பதினாறு முறை. கடைசி நாள் எது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான்காவது வாரம், வந்தவருக்கு அவருடைய வாழ்க்கையைப் பற்றி நான் புரிந்துகொண்டதை ஒரு கடிதமாக எழுதி, அவர் முன்னால் வாசிக்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு படம் வரைவோம். எந்தச் சுற்றில் அவர் மாட்டிக்கொள்கிறார், எங்கே வெளிவரும் வழி என்று. கடைசி வாரம் இருவரும் ஒருவருக்கொருவர் விடைபெறும் கடிதம் எழுதி வாசிப்போம். இதெல்லாம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

யாராவது அழுதால் என்ன சொல்வேன் என்று கேட்டீர்கள். இதுவரை கற்றது, சொல்லாமல் இருப்பது எப்படி என்பதுதான்.

சாவியை உங்கள் கையில் கொடுக்கத்தான் வந்தேன். குளியலறைக் கதவைத் தட்டினேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

உங்கள் குட்டி


பிப்ரவரி 2

குட்டிக்கு,

குளியலறை என்றால் குழாய் ஓடத்தான் செய்யும்.

சிரிப்பு வரவில்லை. முதல் நாளே கடைசி நாளைச் சொல்வது என்பதைப் படித்ததும் எழுந்து நடந்தேன். இதைக் கண்டுபிடித்தவர் யார்? அவர் டெலிபோனில் வேலை பார்த்தவரா?

அந்தக் காலத்தில் வெளியூர் கால் மூன்று நிமிடம். முடியப்போகிறது என்று ஆபரேட்டர் குறுக்கே வந்து எச்சரிக்க வேண்டும். அதுவரை மழை பெய்ததா, மாமா சௌக்கியமா, அத்தை சௌக்கியமா. எச்சரிக்கை கேட்டதும் இரண்டு பக்கமும் மூச்சு நிற்கும். அப்புறம்தான் விஷயம் வரும். "அவன் வேலைய விட்டுட்டான்." "அப்பாவுக்கு முடியல, கிளம்பி வா." ஒருவன் ஒருத்தியிடம், "ஒண்ணு மட்டும் சொல்லணும், அன்னைக்கு நான் ஏன்..." என்று ஆரம்பித்தான். நேரம் முடிந்தது. வரிசையில் அடுத்த கால். இணைப்பைத் துண்டித்தது நான்தான். விதி அது. அன்றைக்கு அவன் ஏன் என்ன செய்தான் என்று இன்றைக்கும் சில சமயம் யோசிக்கிறேன்.

ஆகவே உங்கள் பதினாறு வாரம் எனக்குப் புரிகிறது. எச்சரிக்கையை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறீர்கள். ஆனால் பதினாறு வாரமும் மழையைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறவர்கள் இல்லையா?

உனக்கு ஆள் வந்துவிட்டதா? ஆணா பெண்ணா? பெயர் வேண்டாம். என்ன கஷ்டம் என்று மட்டும் சொல். நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்? பக்கத்து வீட்டுக்காரியிடமா?

அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

ஆள் முடிவாகிவிட்டார், மார்ச்சில் ஆரம்பிக்கிறோம். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல மாட்டேன். நீங்கள் தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டேன். உங்கள் முட்டிக்குத் தலைகீழாக நிற்பது நல்லதும் அல்ல.

வேறொன்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். எங்கள் சொந்த வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சுற்றை வரைந்து வரச் சொன்னார்கள். நான் இரண்டு வட்டம் வரைந்தேன். மேலே "சோதிப்பவர்". கீழே "சோதனைக்கு உள்ளாகிறவர்". கீழே இருப்பவருக்கு எப்போதும் மார்க் குறைவு. அதனால் ஆசைகளை ஒளித்து வைக்கிறார். ஒரு நாள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். சொல்லாமல் கிளம்பியதற்கு மறுபடி மார்க் குறைகிறது. அம்புக்குறி திரும்ப மேலே போகிறது.

பென்சில் அம்மாள், "மேல இருக்கிறவங்க யாரு?" என்றார்.

"எங்க அண்ணி."

வகுப்பு சிரித்தது. "நாத்தனார் வரைஞ்சா அண்ணி அப்படித்தான் இருப்பாங்க" என்றான் ஒருவன். அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பென்சிலை ஊதிவிட்டு, "அவங்களும் ஒரு படம் வெச்சிருப்பாங்கல்ல? அதுல நீ எந்த வட்டம்?" என்றார்.

அண்ணி, எனக்கு அது தோன்றவே இல்லை. அன்று முழுவதும் வேறெதிலும் கவனம் போகவில்லை.

குட்டி


பிப்ரவரி 19

குட்டிக்கு,

என்னைக் கேட்காமல் என்னை வட்டத்துக்குள் போட்டு, முன்பின் தெரியாதவர்கள் சிரிக்கும்படி செய்திருக்கிறாய். உன் ஆளைப் பற்றி மூச்சுவிட மாட்டாய், என்னைப் பற்றி வகுப்பில் படம் காட்டுவாய். இந்த நியாயம் எந்தப் பாடத்தில் வருகிறது?

எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் கடிதம் எழுதவே தனி வகுப்பு இருந்தது. ஓரம் விட வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது, எதிரே இருப்பவரிடம் சொல்ல முடியாத எதையும் எழுதக் கூடாது. சிஸ்டர் எனக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கவில்லை, தொண்ணூற்றாறுதான் கொடுத்தார். நான் ஓடிப்போகவில்லை. அடுத்த முறை நன்றாக எழுதினேன்.

அந்த அம்மாள் கேட்டது மட்டும் நல்ல கேள்வி.

அண்ணி

இந்த ஊரிலும் உங்கள் பள்ளிக்கு ஒரு கிளை இருக்கிறதாமே. பயிற்சியில் இருப்பவர்களிடம் கட்டணம் குறைவாம். விசாரித்தேன்.


மார்ச் 8

குட்டிக்கு,

போய்ப் பார்த்துவிட்டேன். பதறாதே. வைத்தியத்துக்குப் போகவில்லை. நீ வேலையை விட்டு, வீட்டை விட்டுப் போய்ச் சேர்ந்த படிப்பு உருப்படியானதா என்று சோதிக்கப் போனேன். எக்ஸ்சேஞ்சில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். வாடிக்கையாளர்போலக் கூப்பிட்டு, பெண் எப்படிப் பேசுகிறாள் என்று பார்ப்போம்.

கிளை பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. வரவேற்பறையில் வாடிய செடி ஒன்று. தண்ணீர் விட்டேன். எனக்கென்று வந்தவர் நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, வெளிறிய நிறம். சாக்பீஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன். முன்பு நில அளவையாளராக இருந்தாராம். கேட்டதும் சொல்லிவிட்டார். பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழித்தார். நீ சொன்னதுபோலவே நாற்காலிகள் கோணலாக இருந்தன. என் நாற்காலியின் ஒரு கால் ஆடியது.

தூக்கம் வரவில்லை என்று பொய்க் காரணம் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"என்ன கஷ்டத்துக்காக வந்திருக்கீங்கம்மா?"

"தூக்கம் வரல."

"எப்பலேர்ந்து?"

போன மாதம் என்று சொல்வதாக ஏற்பாடு. வாயைத் திறந்தால், "அவர் போன நாள்லேர்ந்து" என்று வந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு யோசித்தேன். இதில் பொய் எது? உண்மையிலேயே எனக்குத் தூக்கம் இல்லை. பொய்க்காகத் தேடி எடுத்த வியாதி என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நானே கவனிக்கவில்லை.

"இன்னையோட சேர்த்து பதினாறு வியாழக்கிழமை. கடைசி நாள் ஜூன் பத்தொன்பது" என்றார். எனக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும் என்றேன்.

முதல் நாள் மதிப்பெண்: குரல் நன்று. இடைவெளி விடுவது நன்று. கேள்வி கேட்டுவிட்டுத் தன் கட்டைவிரலைப் பார்ப்பது நன்றல்ல.

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

பேருந்தில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போகும் அளவுக்குச் சிரித்தேன். இறங்கும்போது பயம் வந்துவிட்டது.

அந்த மனிதருக்கு நீங்கள் ஒரு பரீட்சை. எங்களுடைய ஒவ்வொரு அமர்வும் ஒலிப்பதிவாகிறது. அதை மேற்பார்வையாளர் கேட்பார். வந்தவர் பதினாறு வாரமும் இருந்து விடைபெற்றால்தான் அது முடித்த கணக்கில் வரும். பாதியில் போனால் மறுபடி முதலிலிருந்து. நானும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாலே எனக்குக் கேட்க வந்த கேள்வி மறந்துபோகிறது.

என் உறவுக்காரர் ஒருவர் அந்தக் கிளைக்குப் போகிறார் என்று பென்சில் அம்மாளிடம் சொல்லிவிட்டேன். உங்கள் குரல் எங்கள் பக்கம் வராது. அங்கே நடப்பதை நீங்கள் எனக்கு எழுத வேண்டியதும் இல்லை. எழுதினால் படிக்காமல் இருக்கும் அளவுக்கு நான் தேறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சோதிக்கத்தான் போகிறீர்கள் என்றாலும், சோதனையை முழுசாகச் செய்யுங்கள்.

குட்டி


ஏப்ரல் 5

குட்டிக்கு,

நான்காவது வாரம் முடிந்தது. சாக்பீஸ் கடிதத்தை வாசித்தார். எனக்கும் ஒரு பிரதி கொடுத்து, வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள் என்றார்.

படித்தேன். சிவப்பு மை எடுத்தேன். என்னைப் பற்றி எழுதப்பட்ட ஒன்றில் பிழைகளை விட்டுவைப்பது எப்படி? "கணவர் இறந்த நேரத்தில் நீங்கள் மருத்துவமனை கேன்டீனில் தேநீர் வாங்கிக்கொண்டிருந்தீர்கள்" என்று எழுதியிருந்தார். தேநீர் அல்ல, வெந்நீர். அவருடைய ஃபிளாஸ்க்கில். "நீங்கள் தனிமையில் வாடுகிறீர்கள்" என்று ஒரு வரி. தனியாக இருக்கிறேன், வாடவில்லை, வாடுவது வரவேற்பறைச் செடி என்று ஓரத்தில் எழுதினேன். "உங்கள் நாத்தனார் உங்களைக் கைவிட்டதாக உணர்கிறீர்கள்" என்று ஒரு வரி. அதற்குக் குறுக்காகக் கோடு போட்டேன், பிறகு கோட்டின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டேன். அடியில் 58/100 என்று போட்டு, போன வியாழன் மேஜைமேல் வைத்தேன்.

முகம் சுருங்கும் என்று பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் பெண்கள் அழுதிருக்கிறார்கள். இந்த மனிதர் காகிதத்தைப் புரட்டப் புரட்ட முகம் மலர்கிறது.

"இதுக்காகத்தாம்மா கொடுத்தேன். யாருமே இவ்வளவு செய்ய மாட்டாங்க. வெந்நீர்! பாருங்க, எனக்குத் தெரியவே இல்ல. யாருக்கு வெந்நீர்?"

திருத்தத்தான் கொடுப்பீர்கள் என்று நீ ஏன் முன்பே எழுதவில்லை? ஐம்பத்தெட்டு வாங்கிவிட்டு ஒருவர் மகிழ்வதை என் வாழ்நாளில் முதல் முறையாகப் பார்க்கிறேன். எனக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. யாருக்கு வெந்நீர் என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே நேரம் போய்விட்டது.

கிளம்பும்போது, "ஒரு வரியில மட்டும் மை படலையேம்மா" என்றார். மை தீர்ந்துவிட்டது என்றேன்.

அண்ணி


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் என் ஆளுக்குக் கடிதம் வாசித்தேன். உங்கள் சிஸ்டர் பார்த்திருந்தால் நூறு கொடுத்திருப்பார். ஓரம் விட்டு, அடித்தல் இல்லாமல், ஒவ்வொரு வரியும் செதுக்கியது. கேட்டவர் "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பென்சில் அம்மாள் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, "அழகா இருக்கு. இதுல அவங்க கை வெக்க இடம் எங்க இருக்கு?" என்றார். உங்கள் சாக்பீஸ் தேநீர் என்று தப்பாக எழுதியதால்தான் வெந்நீர் வந்தது. நான் ஒன்றுமே தப்பாக எழுதவில்லை. அதனால் ஒன்றும் வரவில்லை.

மை தீர்ந்தது சரி. அந்த வரிக்கு அப்புறம் 58/100 எதைக் கொண்டு எழுதினீர்கள்?

அது என்ன வரி என்று நான் கேட்க மாட்டேன்.

குட்டி


மே 20

குட்டிக்கு,

ஒரு மாதத்துக்கும் மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பரீட்சையா, காய்ச்சலா, மறுபடி கோபமா? காய்ச்சல் என்றால் நீ எப்போதும் பாதி நாள் மருந்து சாப்பிட்டுவிட்டு நிறுத்துகிறவள். மற்றவர்களுக்கு மட்டும் "முழுசா முடிக்கணும்" என்று ஜன்னலில் உபதேசம்.

இங்கே படம் போட்டாகிவிட்டது. நிலம் அளந்த கை, கோடு நேராக விழுகிறது. மேல் வட்டத்தில் "விட்டுவிட்டுப் போகிறவர்". கீழ் வட்டத்தில் "முதலில் கதவைச் சாத்திக்கொள்பவர்". யாராவது கிளம்பப்போகிறார்கள் என்று தெரிந்தால் நான் அவர்கள்மேல் குறை கண்டுபிடிக்க ஆரம்பிக்கிறேனாம். குறை உள்ளவர் போனால் நஷ்டம் குறைவு அல்லவா என்கிறார். கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான பேச்சு. இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து சரிபார்த்தேன். நீ கிளம்பும் தேதி சொன்ன மறுநாளிலிருந்து உன் தட்டில், துணியில், செருப்பில் நான் சொன்னவற்றை நினைவுபடுத்திப் பார்த்தேன். கணக்கு ஒத்துப்போகிறது.

படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு குழாய் வரைந்திருக்கிறார், சொட்டும் தண்ணீரோடு. யார் சொன்னது என்று என்னைக் கேட்காதே.

கீழ் வட்டம் நான். மேல் வட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று உன் பென்சில் அம்மாளிடம் சொல். நல்ல கேள்விக்குப் பதில் போகாமல் இருக்கக் கூடாது.

நேற்று இரவு விடியும்வரை தூங்கினேன்.

அண்ணி


ஜூன் 8

குட்டிக்கு,

இன்னும் பதில் இல்லை. சரி.

இன்னும் இரண்டு வியாழன். வரும் வாரத்தோடு நிறுத்திக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். தூக்கம் வந்துவிட்டது. உன் படிப்பு உருப்படியானது என்றும் தெரிந்துவிட்டது. சோதனை முடிந்தது. கடைசி நாள் இருவரும் எதிரும் புதிருமாகக் கடிதம் வாசிக்க வேண்டுமாம். சாக்பீஸ் நல்லவர். அதனால்தான் சொல்கிறேன், நல்லவர் எதிரே உட்கார்ந்துகொண்டு போய் வருகிறேன் என்று வாசிப்பது எனக்கு ஆகாது. போய் வருகிறேன் என்பதில் வருவது எங்கே இருக்கிறது? சளி என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

இந்த மாதம் அவர் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

அண்ணி


ஜூன் 13

அண்ணி,

பொத்தானைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். படத்தை எடுத்துப் பாருங்கள்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத வெட்கமாக இருந்தது. என் ஆள் போய்விட்டார். ஏழாவது வாரம் வரவில்லை. சொல்லி அனுப்பவும் இல்லை. எட்டாவது வாரமும் இல்லை. ஒருவர் வராவிட்டால் நாங்கள் எழுந்து போகக் கூடாது. அவருக்கென்று ஒதுக்கிய நேரம் அவருடையது. தாமதமாக வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும், நாம் நாற்காலியில் இருக்க வேண்டும். முழு நேரமும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரமும். எதிரே கோணலாகப் போட்ட காலி நாற்காலி. படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். எல்லாம் கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள்.

அண்ணி, அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கோபம் வரவில்லை. என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. வேறொன்றும் வேண்டாம். "உங்க கடிதம் பிடிக்கல, அதான் வரல" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாலும் போதும். ஒரு வரி. அது கிடைக்காததால் என் மனம் தானாக நூறு வரி எழுதிக்கொண்டது. எல்லாம் என்மேல் குறை.

அன்று குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோதும் இப்படித்தான் இருந்தது. நானாவது டாக்சியை நிறுத்தி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சாவியை வைத்துவிட்டு ஓடினேன். நம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே படம் போதும்போல இருக்கிறது.

எனக்கு இன்னோர் ஆளைக் கொடுத்திருக்கிறார்கள். இவரும் பாதியில் போனால் இந்த வருஷம் தேற மாட்டேன். அது என் பாடு. உங்கள் சாக்பீஸ் பத்தொன்பதாம் தேதி அந்த அறையில் முழு நேரமும் உட்கார்ந்திருப்பார். சளி என்று சொல்லி அனுப்பினாலும் உட்கார்ந்திருப்பார். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு.

குட்டி


ஜூன் 22

குட்டிக்கு,

போனேன்.

மின்சாரம் இல்லை. விசிறி நின்றிருந்தது. அவர் முதலில் வாசித்தார். இந்த முறை நான் மார்க் போடவில்லை. என்னைச் சந்திப்பதற்கு முன், வியாழக்கிழமை என்றாலே அவருக்குக் காலையில் சாப்பாடு இறங்காதாம். இப்போது புதன்கிழமையே என்னென்ன கேட்பேன் என்று யோசித்து வைத்துக்கொள்வாராம். அடுத்த வியாழன் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். வைத்தியம் பார்க்கிறவர் இப்படி எழுதலாமா என்று கேட்டேன். "மேற்பார்வையாளர் இந்த வரிய அடிக்கச் சொல்லலம்மா" என்றார்.

பிறகு நான் வாசித்தேன். ஒரு பக்கம்தான். மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தேன். நல்ல பிரதி எடுக்கவில்லை. என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாதவள் அல்லவா நீ?

வாசல்வரை வந்தார். நான் திரும்பிப் பார்த்துக் கையசைத்தேன். செத்துப்போகவில்லை. மூலைக் கடைவரை நடந்த பிறகு அழுகை வந்தது. கடைக்காரர் நாற்காலி போட்டார். எதற்கு அழுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நான் அதை யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மை படாத அந்த வரியை இப்போது உனக்குப் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

"நீங்கள் டாக்டரைக் கேள்வி கேட்டீர்கள். நர்ஸைக் கேட்டீர்கள். தாமதமாக்கிய கேன்டீன்காரரைக் கேட்டீர்கள். இப்போது என்னைக் கேட்கிறீர்கள். ஆனால் ஒருவரிடம் மட்டும் ஏதோ ஒன்றைக் கேட்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறு என்றால் திருத்துங்கள்."

பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் நீ இருந்தாய். நான் இல்லை. நான் திரும்பி வந்தபோது நீ ஃபிளாஸ்க்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் எத்தனையோ முறை நீ வாயெடுத்தாய், நான் உன் தட்டைப் பற்றிப் பேசினேன். என்னைத் தேடினார் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். தேடவே இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்றும் பயம்.

இப்போது கேட்கிறேன். அவர் ஏதாவது சொன்னாரா?

உள்ளதை எழுது. செதுக்காதே.

அண்ணி


ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

இதைச் சொல்லத்தான் அன்று குளியலறைக் கதவைத் தட்டினேன். சாவி ஒரு சாக்கு.

பெரிதாக ஒன்றும் இல்லை அண்ணி. அதனாலேயே சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் எதையாவது பெரிதாக எதிர்பார்த்து, இது போதாமல் போய்விடுமோ என்று.

கண் மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். திடீரென்று திறந்து, "எங்க அவ?" என்றார். "கீழ போயிருக்காங்க, வெந்நீர் வாங்க" என்றேன். முகம் மாறியது. உங்களுக்குத் தெரியுமே, எக்ஸ்சேஞ்சிலிருந்து நீங்கள் வந்து யாரோ யாரிடமோ பேசியதைச் சொன்னால் "அப்புறம்?" என்று ஒரு முகம் வைத்துக்கொள்வாரே, அந்த முகம். அப்புறம் கேட்டார்:

"லிஃப்ட்லயா போனா, படியிலயா? முட்டி வலிக்குமே."

"தெரியலண்ணா, வந்ததும் கேக்கலாம்" என்றேன்.

"கேளு" என்றார். அவ்வளவுதான். பயப்படவில்லை. பதிலுக்குக் காத்திருப்பவர்போலத்தான் இருந்தார்.

நான் உங்களிடம் கேட்கவே இல்லை. அண்ணன் கேட்கச் சொல்லிவிட்டுப் போனதைக் கேட்காமல் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

புது ஆள் நேற்று என் கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, "இது தப்பு, இதுவும் தப்பு" என்றார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. சந்தோஷமாக இருந்தது. ஆகஸ்டில் ஒரு வாரம் விடுமுறை.

குட்டி


ஜூலை 4

குட்டிக்கு,

ஆகஸ்டில் வா. தேதியை முன்கூட்டியே எழுது, வருகிற தேதியும் போகிற தேதியும். சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது, அது உன்னுடையது. நீ கிளம்பும் நாளுக்கு முதல் நாள் இரவே குளித்துவிடுவேன்.

உன் கடிதத்தைத் திருத்த உட்கார்ந்தேன். ஒன்றரை வருஷம் அல்ல, ஒன்றே கால் வருஷம். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது.

அவர் கேட்டதற்குப் பதில்: இறங்கும்போது படி. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. முட்டி வலித்தது. ஏறும்போது லிஃப்ட்டில் வந்தேன். அது எல்லா மாடியிலும் நின்றது.

அண்ணி